தார்ப் பொட்டு

எழுமலைக்கு உத்திரம் ஏற்றிய லாரி போய் இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. சுருளியின் மகள் தங்கப்பொண்ணு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே எழுமலைப் பக்கம் வாத்தியாரம்மா வேலைக்குப் போய் ஐந்து மாதம்.

இந்த ஐந்து மாதத்தில் சுருளி மகளுக்கு ஒரு கார்டு போட்டதில்லை. எழுதத் தெரியாது என்பது ஒரு காரணம். தெரிந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டார்.

"அந்த ஊரு டீக்கடையில இன்னமும் நமக்குத் தனிக் கிளாசு. அங்க போயி யாருக்குப் பாடம் சொல்லப்போற?" என்று அன்றைக்குக் கேட்டார்.

"அந்தக் கிளாசுல குடிக்கிறவன் புள்ளைக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. இவரும் கூப்பிடவில்லை.

போன வாரம் தம்பி சோலைக்கு ஒரு கார்டு போட்டிருந்தாள். 'புது வகுப்பறைக்குக் கூரை ஏறிவிட்டது. நம்ம பட்டறை உத்திரம்தான். மேலே தூக்கும்போது அப்பா வைக்கிற கறுப்புப் பொட்டைப் பார்த்தேன். பிள்ளைகளிடம் காட்டினேன்.' சோலை இரண்டு தடவை உரக்கப் படித்தான். சுருளி காது கேட்காதவர் மாதிரி கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அன்று ராத்திரி ஒரு பிடி சோறு அதிகமாகத் தின்றார். மனைவி சோணையம்மாள் அதைக் கவனித்தாள்.

இன்று சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கெல்லாம் சமயநல்லூர் காங்கிரீட் பட்டறையில் லாரி நின்றது. எழுமலை உத்திரங்களோடு சேர்த்து வார்த்தது மொத்தம் இருபத்து நாலு. அதில் மிச்சம் கிடந்த எட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பதினாலு அடி உத்திரம். ஒன்றைத் தூக்கப் பத்து ஆள் வேண்டும்.

முதல் உத்திரத்தின் முனை லாரிப் பலகையில் உட்கார்ந்து வழுக்கியது. ஒரு சாண் உயரம் விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

ஒரு சாண் விழுந்தால் உத்திரம் உடையாது. உடையக்கூடாது.

உடைந்தது. நடுவில் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒடிந்து, பாதி லாரியில் கிடக்க, மறு பாதி மொக்கைச்சாமியின் வலது பாதத்தில் இறங்கியது. அவன் கத்தக்கூட இல்லை. உட்கார்ந்துவிட்டான். கத்தியது மற்ற ஒன்பது பேரும்.

கல்லை நகர்த்தி, துண்டைக் கிழித்துக் கட்டி, அதே லாரியில் அவனைப் படுக்க வைத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். "வெரலு இருக்கா அண்ணே? வெரலு இருக்கா பாரு" என்று அவன் சுருளியைக் கேட்டுக்கொண்டே போனான். சுருளி பார்த்தார். இருக்கு என்று பொய் சொன்னார்.

லாரி போனதும் எல்லோரும் ரத்தத்தின் மேல் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சுருளி மட்டும் உடைந்த உத்திரத்தின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

ஓர் உத்திரத்துக்குள் நாலு கம்பி ஓடும். இரண்டு சுண்டுவிரல் தடிமன், இரண்டு பென்சிலைவிட மெல்லிசு. தடித்தது கீழே, மெல்லிசு மேலே. மேலே பாரம் ஏறினால் உத்திரத்தின் கீழ்ப்பக்கம்தான் இழுபடும். அந்த இழுப்பைத் தாங்குவது தடித்த கம்பி. தலைகீழாக வைத்தால் அது வெறும் கல்.

அதனால்தான் பொட்டு. வார்த்து அச்சைக் கழற்றும் முன்னாலேயே, மண்ணெண்ணெய் விட்டு இளக்கிய தாரில் கட்டைவிரலை முக்கி, மேல்பக்கத்தில் சுருளி ஒரு பொட்டு வைப்பார். பொட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். கொத்தனாருக்குச் சொல்கிற பேச்சு அது ஒன்றுதான். பதினாறு வருசமாக அந்தப் பொட்டில் வேறு கை பட்டதில்லை.

இந்த உத்திரத்தில் பொட்டு இருந்த பக்கத்திலேயே தடித்த கம்பி இரண்டும் கிடந்தன.

சுருளி பொட்டை உற்றுப் பார்த்தார். கட்டைவிரல் பொட்டு இல்லை. குச்சியால் வைத்த பொட்டு, இத்தனை நாள் எட்ட நின்று பார்த்ததில் தெரியாமல் போனது. அதுவும் வெள்ளைச் சுண்ணாம்பின் மேல் இருந்தது. மடியில் இருந்த ரம்பத் தகட்டுத் துண்டை எடுத்து, எதிர்ப் பக்கத்துச் சுண்ணாம்பைச் சுரண்டினார். இரண்டு இழுப்பில் கறுப்பு தெரிந்தது. நாலாவது இழுப்பில் அவருடைய கட்டைவிரல் தெரிந்தது, ரேகையோடு.

ஓர் உத்திரத்துக்கு இரண்டு பொட்டு. உண்மையானது சுண்ணாம்புக்கு அடியில். பொய் மேலே.

மற்ற ஏழையும் சுரண்டிப் பார்த்தார். அதிலும் இரண்டு தப்பு.

ஆயுத பூசை அவர் கண் முன்னால் வந்து நின்றது.

அந்தக் கதை பட்டறைக்கே தெரிந்ததுதான். பூசையன்று முதல் தாம்பூலத்தை முதலாளி, வந்து மூன்று மாதமான புதுச் சூபர்வைசர் கையில் கொடுத்தார். சுருளி வெற்றிலையைத் தொடாமல் வேட்டியை உதறிக்கொண்டு போய், இரண்டு நாள் பட்டறைப் பக்கமே வரவில்லை. மான ரோசம் உள்ளவன் செய்கிற காரியம்தான். ஆனால் அந்த இரண்டு நாளில்தான் எழுமலை லாரி போனது.

முதலாளி ஹாலாஸ்யம் எட்டரை மணிக்கு ஸ்கூட்டரில் வந்தார். அரசாங்கத்தில் ஓவர்சியராக இருந்து ரிட்டையர் ஆனவர். கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. பதினைந்து நாள் தண்ணீர் காட்டாத உத்திரத்தை அவர் வெளியே விட்டதும் இல்லை. ஆனால் பயந்த மனுசன். பயந்த மனுசனை நம்பி எதிலும் இறங்கக்கூடாது என்பது சுருளியின் எண்ணம். தப்பான எண்ணம் என்று சொல்ல முடியாது.

"மொக்கைச்சாமிக்குக் கால் போச்சாமே?"

"காலும் போச்சு, உத்திரமும் போச்சு. வந்து பாருங்க."

ஹாலாஸ்யம் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"எத்தனை இப்படி?"

"எட்டுல மூணு. எழுமலைக்குப் போனதுல எத்தனையோ, யாரு கண்டா?"

"அங்கே சிலாப் பரப்பியாச்சா?"

"பரப்பி, மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டாச்சுன்னு மக எழுதியிருக்கா. நாலு நாளா மழை. தண்ணியக் குடிச்சு அம்புட்டும் கனத்துக் கெடக்கும்."

ஹாலாஸ்யம் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார். "உடனே விழாது சுருளி. தாங்க வேண்டியதுக்கு மேல தெம்பு வச்சுத்தான் கணக்குப் போடறோம். திங்கட்கிழமை நானே இன்ஜினீயரை அழைச்சுண்டு போறேன். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே."

"உங்க கணக்கு நேரா வச்ச உத்திரத்துக்கு. தலைகீழா வச்சதுக்குக் கணக்கு இருக்கா?"

"திங்கட்கிழமைன்னு சொல்றேனே."

"மழைக்கு விட்ட லீவுக்கு ஈடா இன்னைக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. புள்ளைக அதுக்குக் கீழதான உக்காரும்?"

ஹாலாஸ்யம் அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "போ. போய்ச் சொல்லு. போலீஸ் வரும். பொட்டு வச்சது யாருன்னு மொதல்ல கேப்பான். நான் வைக்கலை. நீயும் வைக்கலை, நீதான் கோவிச்சுண்டு போயிட்டியே. பின்னே யார் வச்சா? வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பாரு."

யோசிக்க வீட்டுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் சோலை நின்றுகொண்டிருந்தான். சாந்து அள்ளும் கரண்டியைக் கழுவிக் கழுவி, கழுவினதையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தான். இருபத்து மூன்று வயசுப் பையன். பக்கத்தில் ஈரச் சாக்கோடு அவன் அம்மா சோணையம்மாள். வார்த்த உத்திரங்களுக்குச் சாக்குப் போர்த்தித் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை.

"குச்சியில வச்சயா?" என்று கேட்டார் சுருளி.

சோலை தலையை ஆட்டினான்.

"எதப் பாத்து வச்ச?"

"அடுக்குல எந்தப் பக்கம் மேல இருந்துச்சோ அதுல வச்சேன். நீ எப்பவும் பொட்டு மேல தெரியத்தான அடுக்குவ? சுண்ணாம்பு அடிச்சதுல பொட்டு மறைஞ்சு போச்சு. லாரிக்காரன் ஆரன் அடிச்சுக்கிட்டே நிக்கிறான். பொட்டு இல்லாம போனா கொத்தனாரு எறக்க மாட்டாருன்னு..."

"அடுக்குனது நான். பெரட்டுனது எவன்?"

சோணையம்மாள் சாக்கைக் கீழே போட்டாள். "எவனும் இல்ல. நாந்தான். நானும் பொம்பளையாளுக நாலு பேரும். பூசைக்கு எல்லாத்தையும் கழுவி வெள்ளையடிக்கச் சொன்னாக. மேலாப்புல அடிச்சா பத்துமா? கடப்பாறையப் போட்டுப் பெரட்டிப் பெரட்டி நாலு பக்கமும் அடிச்சோம். சிலத திருப்பி வச்சோம். சிலது அப்பிடியே கெடந்துச்சு."

"பொட்டு இருக்குறது தெரியாதா உனக்கு?"

"தெரியும். அது எதுக்குன்னு தெரியுமா எனக்கு?" அவள் குரல் உயர்ந்தது. "பதினாறு வருசமா ஒரு நா சொல்லியிருக்கியா? இவன் சின்னதுல கேட்டான், 'எதுக்குப்பா பொட்டு'ன்னு. 'அது என் வேல, ஒன் வேலயப் பாரு'ன்ன. நான் கேட்டேன். 'பொம்பளைக்கு எதுக்கு'ன்ன. ஏதோ ஒன் அடையாளம்னு நெனச்சோம். மாட்டுக்குச் சூடு போடுற மாதிரி."

சொன்னதில்லை என்பது நிசம். சொல்லாததற்குக் காரணமும் சுருளிக்கு மட்டும் தெரியும். பொட்டுச் சூட்சுமம் இன்னொருத்தனுக்குத் தெரிந்துவிட்டால் படிப்பில்லாத கிழவனை எதற்கு வைத்திருப்பார்கள்? யாரையும் நம்பாத மனுசர் மகனை மட்டும் நம்பிவிடுவாரா? பெற்ற மகனுக்கே பூட்டி வைத்தார்.

"முதலாளி என்ன சொல்றாரு?" என்று கேட்டாள்.

"திங்கக்கிழம பாத்துக்குவமாம். வாயத் தெறந்தா இவன உள்ள வப்பாகளாம்."

சோணையம்மாள் மகனைப் பார்த்தாள். பிறகு மேற்கே, எழுமலை இருக்கிற திக்கைப் பார்த்தாள். வானம் கறுத்துக் கிடந்தது.

"இவன் ஜெயிலுக்குப் போனா திரும்பி வருவான்" என்றாள். "பஸ்ஸுக்குப் போங்க ரெண்டு பேரும்."

"இங்க மிச்சம் இருக்கத ஏத்திட்டாகன்னா?"

அவள் நடந்து போய், அடுக்கியிருந்த உத்திரங்களின் மேல் ஏறி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "என்னையும் சேத்து ஏத்தட்டும், பாப்பம்" என்றாள்.

சூபர்வைசர் ஓடி வந்து, "ஏ கிழவி, எந்திரி" என்றான்.

"ஒனக்குத்தான மொதத் தாம்பூலம்? போய் வெத்தலையப் போடு."

மதுரை போய், உசிலம்பட்டி பஸ் ஏறி, அங்கிருந்து எழுமலைக்கு இன்னொரு பஸ். மூன்று பஸ்ஸிலும் அப்பனும் மகனும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள். பேசியது ஒரே ஒரு தரம். செக்கானூரணி தாண்டியதும் சோலை கேட்டான்: "மொக்கைச்சாமி அண்ணனுக்கு வெரலு இருக்காப்பா?"

"இல்ல."

அப்புறம் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பள்ளிக்கூடம் எழுமலைக்கு அந்தப் பக்கம், கண்மாய்க்கரையை ஒட்டி. பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்று, பக்கத்தில் புது வகுப்பறை. சுருளி போய்ச் சேரும்போது பன்னிரண்டரை. சத்துணவுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பிள்ளைகள் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது உருப்படி இருக்கும். வாய்ப்பாடு சத்தம் வெளியே கேட்டது.

வாசலில் நிழல் தட்டியதும் தங்கப்பொண்ணு திரும்பினாள். கையில் சாக்பீஸ். ஐந்து மாதத்துக்குப் பிறகு அப்பாவைப் பார்க்கிறாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது.

"யப்பா?"

"புள்ளைகள வெளிய கூட்டிட்டுப் போ."

"என்னப்பா, வந்ததும் வராததுமா..."

"பெறகு சொல்றேன். மொத வெளிய."

இந்த மகள் அவர் சொல்லி ஒன்றைக் கேட்டதே இல்லை. இன்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண் மேலே கூரையில் இருந்தது. சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் சிலேட்ட அப்பிடியே வச்சிட்டு வேப்பமரத்துக்கு ஓடுங்க பாப்பம். யாரு முந்தின்னு பாக்கலாம். தள்ளக்கூடாது."

பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடின. கடைசிப் பிள்ளை, காலில் புண் கட்டியிருந்த பெண் ஒன்று, நொண்டி நொண்டி வந்தது. வாசலைத் தாண்டும் வரை சுருளி மூச்சு விடவில்லை. தங்கப்பொண்ணு அதற்குள் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டாள்.

தலைமையாசிரியர் சிவனாண்டி ஓட்டுக் கட்டடத்திலிருந்து வந்தார். "யாருய்யா நீ? பெல் அடிக்காம வகுப்ப யாரு விடச் சொன்னது?"

"இந்த உத்திரத்துக்குக் கம்பி கட்டுனவன்."

"சரி, அதுக்கு?"

"சிலது தலைகீழா கெடக்கு."

"யாரு சொல்லி வந்த? எதுவும் எழுத்துல இருக்கா?"

"எழுத்தெல்லாம் இல்லங்கய்யா. மேலதான் இருக்கு. வாசல்லயே நின்னு பாருங்க, உள்ள வராதீக."

மேசையை இழுத்துப் போட்டு, அதன் மேல் பெஞ்சை வைத்துச் சுருளி ஏறினார். சோலை பெஞ்சின் காலைப் பிடித்துக்கொள்ள உள்ளே வந்தான். "நீ வெளிய போ" என்றார். அவன் போகவில்லை.

முதல் உத்திரத்தின் அடிப்பக்கத்துச் சுண்ணாம்பைத் தகட்டால் சுரண்டினார். சாம்பல் நிறக் காங்கிரீட். கறுப்பு இல்லை. பொட்டு அந்தப் பக்கம் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. இது நல்லது.

இரண்டாவது. நல்லது.

"பாத்தியா? சும்மா பீதியக் கெளப்பிக்கிட்டு" என்றார் சிவனாண்டி வாசலிலிருந்து.

மூன்றாவது. இரண்டு இழுப்பில் கறுப்பு. சுருளி இன்னும் கொஞ்சம் சுரண்டினார். அவருடைய கட்டைவிரல் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

அவர் தலைக்கு மேல் ஒரு கோடு ஓடியது. உத்திரத்தின் நடுவில், குறுக்காக. சுண்ணாம்பு வெடிப்பு என்று பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள். தகட்டின் விளிம்பை அதில் வைத்தார். தகடு உள்ளே போனது. இவர் அழுத்தவில்லை, தானாகப் போனது. உள்ளேயிருந்து மழைத்தண்ணீர் தகடு வழியே வழிந்து மணிக்கட்டில் சொட்டியது.

சிவனாண்டி வாசலிலிருந்து இரண்டடி பின்வாங்கினார்.

ஒன்பது உத்திரத்தையும் பார்த்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. நாலு தலைகீழ். நாலிலும் வெடிப்பு. சுருளி இறங்கி, சோலையையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

தலைமையாசிரியர் வகுப்பறைக்குப் பூட்டுப் போட்டார். பூட்டிய கையோடு ஒரு முழுப் பேப்பரைக் கொண்டுவந்து தங்கப்பொண்ணுவிடம் நீட்டினார். "நான் மேல எழுதணும்மா. யூனியன் ஆபீசுல வாய்ப்பேச்சு செல்லாது. இவரு சொல்றத வாக்குமூலமா எழுதி வாங்கு. யாரு செஞ்ச தப்புன்னு இருக்கணும்."

வேப்பமரத்தடியில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மரத்தடிக் கல்லில் உட்கார்ந்து, ரிஜிஸ்தர் மேல் பேப்பரை வைத்து அவள் எழுத ஆரம்பித்தாள். சமயநல்லூர்ப் பட்டறை, வார்த்த தேதி, லாரி போன தேதி. எல்லாம் ஆயிற்று.

"பொட்டு மாத்தி வச்சது யாருப்பா?"

சுருளி சோலை பக்கம் திரும்பினார். அவளுக்கு விளங்கிவிட்டது. தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"யப்பா, தெரியலன்னு எழுதிரட்டுமா?" என்றாள் மெதுவாக.

"வேணாம்."

"பின்ன?"

"பொட்டு மாத்தி வச்சது சோலை. என் மகன்."

பேனா நின்றது.

"எழுது. எழுதிட்டு அடுத்த வரியில இதையும் எழுது. பொட்டு எதுக்குன்னு அவனுக்கும் அவன் ஆத்தாளுக்கும் சொல்லாதது சுருளி. பதினாறு வருசமா சொல்லாதது. ரெண்டையும் எழுது. ஒண்ண எழுதி ஒண்ண விட்டீன்னா கைநாட்டு வைக்க மாட்டேன்."

தங்கப்பொண்ணு எழுதினாள். எழுத்து ஒன்று பேப்பரில் ஈரமாகிப் பரவியது. முந்தானையால் ஒற்றிவிட்டுத் தொடர்ந்தாள். சுருளி கட்டைவிரலை மையில் முக்கி, அவள் காட்டிய இடத்தில் வைத்தார். உத்திரத்தில் வைத்த அதே விரல்.

"மொத்தம் ஒம்பது உத்திரம்னு போட்டுரவா?" என்று கேட்டாள்.

"ஒம்ப..." சுருளி பாதியில் நிறுத்தினார். விரலை மடக்கி ஏதோ எண்ணினார். "வார்த்தது இருபத்து நாலு. பட்டறையில எட்டு கெடக்கு. லாரியில பதினாறுல்ல போயிருக்கணும்? இங்க ஒம்பதுதான இருக்கு. ஏலே சோலை, மிச்சம் ஏழு எங்க?"

சோலை வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"வழியில எறக்குனோம்ப்பா."

"எங்க?"

"கோச்சடையில. முதலாளி வீட்டுக்கு. மாடியில புதுசா ரூம்பு எடுத்தாருல்ல, அதுக்கு. கெழக்கோரத்துல இருக்க பழைய அடுக்குலயிருந்து எடுத்துக் குடுன்னுதான் சொன்னாரு. அது ஆறு மாசம் முந்தி வார்த்தது, ஓரத்துல கெடந்ததால வெள்ளையும் அடிக்கல, அதுல ஒன் பொட்டே இருந்துச்சு. ஆனா அத எறக்கி ஏத்தணும்னா இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். லாரிக்காரன் கத்துறான். இதுவும் அதுவும் ஒரே அளவுதானேன்னு இதுலயிருந்தே ஏழ எறக்கிட்டேன். அவருக்குத் தெரியாது."

"அந்த ரூம்புல யாரு இருக்கா?"

"அவரு மக ஜானு அம்மா. பிரசவத்துக்கு வந்துருக்காக. புள்ள பொறந்து பத்து நாளு ஆகுது. கீழ ஈரமா இருக்குன்னு மாடியிலதான் தங்க வச்சிருக்காகன்னு டிரைவரு சொன்னாரு."

சிவனாண்டிதான் முதலில் எழுந்தார். "போஸ்டாபீசுல போன் இருக்கு. வாங்க."

மதுரைக்கு டிரங்க் கால் போட்டு நாற்பது நிமிசம் காத்திருந்தார்கள். மணி இரண்டே கால். சனிக்கிழமை மத்தியானம் ஹாலாஸ்யம் வீட்டுக்குச் சாப்பிட வந்திருப்பார், சாப்பிட்டதும் கொஞ்சம் கண்ணயர்வார். இது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.

மணி அடித்தது. போஸ்ட்மாஸ்டர் ரிசீவரை நீட்டினார். சுருளி வாழ்நாளில் இரண்டாவது தடவையாக அதைக் காதில் வைத்தார்.

"யார் பேசறது?" ஹாலாஸ்யத்தின் குரல், தூக்கம் கலையாமல். அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

"சுருளி பேசுறேன்யா."

"ஒரு நிமிஷம்." குரல் திரும்பிக்கொண்டது. "ஜானு, ஒண்ணுமே காதுல விழலை. குழந்தையை மாடிக்குத் தூக்கிண்டு போம்மா."

"அய்யா, வேணாம்யா! மாடிக்கு..."

"எங்கேர்ந்து பேசறே?"

"எழுமலையிலருந்து. அய்யா, நான் சொல்றத..."

"போயிட்டியா?" குரலில் தூக்கம் போய்விட்டது. "அவ்வளவு சொல்லியும் போயிட்டியா? சரி. இனிமே நீ எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லை. எதுவானாலும் வக்கீலோட பேசிக்கோ."

"போன வைக்காதீகய்யா! உங்க மாடியில இருக்க உத்திரம்..."

டக்கென்று ஒரு சத்தம். அப்புறம் இரைச்சல்.

"வச்சுட்டாரா?" என்றான் சோலை.

போஸ்ட்மாஸ்டர் மறுபடி நம்பரைக் கேட்டுப் பார்த்தார். ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருக்கிறார்கள், லைன் கிடைக்காது என்றார். மதுரைக்கு அடுத்த பஸ் மூன்றரைக்கு.

சுருளி ரிசீவரை மறுபடி வாங்கிக் காதில் வைத்து, இரைச்சலைக் கேட்டபடி அப்படியே நின்றார். அந்த இரைச்சலுக்குள் எங்கேயோ, குழந்தையின் அழுகை ஒவ்வொரு படியாக ஏறிப் போவது அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது.